பாலா மரம் வளர்க்க நினைப்பவர்களுக்கு: விதை, ஒட்டு, காகிதம், செலவு

உலக்கைப்பாலை என்றும் சொல்லப்படும், சின்ன மஞ்சள் பழம் தரும் பாலா மரத்தைப் பற்றித் தேடினால் அதன் தாவரவியல் பெயர் கிடைக்கும், மருத்துவ குணங்கள் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். ஆனால் கன்று எங்கே வாங்குவது, போட்ட விதை ஏன் முளைக்கவில்லை, நர்சரியில் கொடுப்பது பாலாதானா, இலவசக் கன்று கேட்டுப் போனால் என்ன காகிதம் கேட்பார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையோரம் எங்கள் குடும்பத்து மணல் நிலத்தில் பாலா வைக்க ஆசைப்பட்டு, ஒவ்வொரு படியிலும் முட்டி மோதித்தான் வழி கண்டுபிடித்தோம். புதிதாக இறங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலா மெதுவாக வளரும் மரம். மூன்றாம் வருடம் வருமானம் வேண்டும் என்றால் இது உங்களுக்கானது அல்ல. ஆனால் உப்புக்காற்று, மணல், செம்பொறை, தண்ணீர்ப் பஞ்சம் எல்லாவற்றையும் தாங்கி, உங்களுக்குப் பிறகும் பழம் தரக்கூடிய மரம் ஒன்று வேண்டும் என்றால், கிழக்குக் கடற்கரை மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான நாட்டு மரங்கள் சிலதான் இருக்கின்றன.

1. மரத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

'பாலை' என்று நம் ஊரில் பல மரங்களுக்குப் பெயர். வெப்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை எல்லாம் வேறு குடும்பத்து மரங்கள். அவற்றில் சாப்பிடும் பழம் கிடையாது, நீளமான காய்தான் தொங்கும். நாம் பேசுவது உலக்கைப்பாலை என்றும் பாலா என்றும் சொல்லப்படும் மரம். சப்போட்டாவின் நெருங்கிய சொந்தம். தாவரவியல் பெயர் மணில்கரா ஹெக்சாண்ட்ரா. நர்சரியில் கேட்கும்போது இந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுமனே 'பாலை' என்று கேட்டால் பெரும்பாலும் வெப்பாலைக் கன்றைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இலையைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தடித்த, தோல் போன்ற இலை. மேற்புறம் கரும்பச்சையில் பளபளக்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும். நுனி கூராக முடியாமல் நடுவில் சின்னதாக உள்வெட்டு விழுந்திருக்கும். இந்த உள்வெட்டுதான் முக்கிய அடையாளம். இலைகள் கிளை முழுவதும் பரவாமல் நுனியில் கொத்தாக நிற்கும். கிள்ளினால் பால் வரும். பட்டை சாம்பலும் கருப்புமாக, வெடிப்பு விழுந்து சொரசொரப்பாக இருக்கும். பழம் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், மஞ்சள் நிறம். உள்ளே பாலிஷ் போட்டதுபோல மின்னும் செம்பழுப்பு விதை பெரும்பாலும் ஒன்று இருக்கும், சிலதில் இரண்டு.

மரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் கோடியக்கரைக்குப் போய் வாருங்கள். அங்கே காட்டின் முக்கிய மரமே இதுதான். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கோயில் காடுகளிலும் நிற்கிறது. இலங்கையில் வன்னிக் காடுகளில் நிறைய உண்டு. அங்கே பாலைப்பழம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2. எதற்காக வைக்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

இதை முடிவு செய்யாமல் இறங்கினால் பணமும் வருடங்களும் வீணாகும். பாலா வைப்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள்.

வேலி ஓரத்தில் காற்றுத் தடுப்பாகவும் நிழலாகவும் பறவைகளுக்காகவும் வைப்பது ஒன்று. அதற்கு விதைக் கன்று போதும், ஒட்டு தேவையில்லை. செலவும் மிகக் குறைவு.

பாலாப்பழமே வேண்டும் என்பது இரண்டாவது. விதைக் கன்று காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும், சில மரம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். பழத்தின் அளவும் இனிப்பும் தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. நல்ல மரத்திலிருந்து குச்சி எடுத்து பாலா மேலேயே பாலாவை ஒட்டினால் மூன்று நான்கு வருடத்தில் பூக்கத் தொடங்கும். குஜராத்தில் இதை ராயன் என்றும் கிர்னி என்றும் சொல்லிப் பழப்பயிராகவே வளர்க்கிறார்கள். கோத்ரா அருகே வேஜல்பூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் 'தார் ரிதுராஜ்' என்று ஒரு ரகத்தையே தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. நம் பக்கம் அப்படி ரகம் எதுவும் நர்சரிகளில் கிடைப்பதில்லை. நல்ல மரத்தை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் சப்போட்டா. சப்போட்டாவுக்கு இருப்பதிலேயே நல்ல வேர்ச்செடி பாலாதான். மேலே பெரியகுளம், கிரிக்கெட் பால் மாதிரி ஏதாவது ஒரு சப்போட்டா ரகம், கீழே பாலா வேர். வறட்சியும் உப்பும் தாங்கும், மரம் நீண்ட காலம் நிற்கும். கையில் கொஞ்சம் வருமானமும் வர வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உள்ளே சப்போட்டா ஒட்டு, வேலி ஓரத்தில் பாலா விதைக் கன்று. இரண்டையும் சேர்த்து வைப்பது நல்ல ஏற்பாடு.

3. விதை சேகரிப்பது

நம் பக்கம் சித்திரை கடைசியில் பழுக்கத் தொடங்கும், வைகாசியில் நிறைய வரும், ஆனியில் முடிந்துவிடும். வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் விதைக்கான காலம். தவறவிட்டால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டியதுதான். "போன வருடத்து விதை இருக்கிறது" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பாலா விதையில் எண்ணெய் அதிகம். வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத் திறன் வேகமாகப் போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கோடியக்கரைக் காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள். அது 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. "நாலு விதைதானே" என்பது அங்கே செல்லாது. அந்த விதைகள் அந்தக் காட்டுக்கு வேண்டும் என்பது இன்னும் பெரிய காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. அங்கே விழுகிற ஒவ்வொரு பழமும் அங்கேயே முளைக்கட்டும்.

எளிய வழி இருக்கிறது. சீசனில் பழமாகவே காசு கொடுத்து வாங்குங்கள். படிக் கணக்கில் விற்பார்கள். வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட்டு விதையை ஒரு கிண்ணத்தில் சேர்த்தால் நூறு இருநூறு விதை ஒரே நாளில் தேறும். தனியார் தோட்டத்திலோ ஊர்க் கோயில் பக்கமோ மரம் இருந்தால் உரியவரிடம் கேட்டுப் பொறுக்கலாம். கோயில் காடு என்றால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அங்கிருந்து ஒரு சுள்ளி எடுப்பதைக்கூட ஊர் ஒப்புக்கொள்ளாது.

கன்றாகவே வேண்டும் என்றால் ஆரோவில் பக்கத்தில் விசாரியுங்கள். பிச்சாண்டிக்குளம் காடும் ஆரோவில் தாவரவியல் பூங்காவும் கடற்கரையோர வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களை வருடக்கணக்கில் வளர்த்து வருகின்றன. போவதற்கு முன் போன் செய்து பாலா கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் காலத்திலும் இருக்காது.

4. முளைக்க வைப்பது

பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேர்த்த விதையில் சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கொஞ்சம் மணல் சேர்த்துக் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பிசுபிசுப்பு போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு மூழ்கியதை மட்டும் எடுங்கள். நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். வெயிலில் காயவைக்கக் கூடாது.

விதையின் ஓடு கடினமானது. அப்படியே போட்டால் பாதிக்கு மேல் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வெளிறிய தழும்பு இருக்கும். அந்தப் பக்கத்தைத் தொடாமல் எதிர்ப்பக்கத்து ஓட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். மினுமினுப்பு போய் ஓடு மங்கலாகி, மெலிந்து தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உள்ளே வெள்ளைப் பருப்பு தெரியும்வரை தேய்த்தால் எறும்பு தின்றுவிடும். நூறு விதை தேய்க்க ஒரு மாலை ஆகும். வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் முடியும். தேய்த்த விதையை ஒரு இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் காலையில் விதைத்துவிடலாம்.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும், பச்சைச் சாணி கூடாது. கலவையைத் தட்டில் நிரப்பி விதையுங்கள். விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். அரை நிழலில் வைத்து, மண் ஈரமாக இருக்கும்படி பூவாளியால் தெளித்தால் போதும். எலி, அணில் வராமல் மேலே கம்பி வலை போடுங்கள். இந்த வலையைத் தவிர்க்காதீர்கள்.

முதல் முளை மூன்று வாரத்தில் வரலாம், கடைசி முளை இரண்டு மாதம் கழித்தும் வரலாம். "ஒரு மாதமாச்சு, ஒன்றும் வரலை" என்று தட்டைக் கவிழ்க்காதீர்கள். மண்ணைத் தோண்டிப் பார்ப்பதும் வேண்டாம். புது விதையாக இருந்து, அதன் ஓடும் தேய்க்கப்பட்டிருந்தால் பாதிக்குக் குறையாமல் முளைக்கும் என்று எதிர்பார்க்கலாம். தேவைக்கு இரண்டு மடங்கு விதை போட்டு வைப்பது நல்லது.

5. பையில் வளர்ப்பது

இரண்டு ஜோடி இலை விட்டதும் தனித்தனிப் பைக்கு மாற்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம் என்பதால் பை உயரமாக இருக்க வேண்டும். அகலம் குறைந்தாலும் பரவாயில்லை. குட்டைப் பையில் வேர் அடியில் சுருண்டுகொள்ளும், பின்னால் நிலத்தில் வைத்தாலும் அந்தச் சுருள் நிமிராது. பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைகளை நேராக மண் தரையில் வைத்தால் வேர் தரைக்குள் இறங்கிவிடும். மாதம் ஒருமுறை இடம் மாற்றி வையுங்கள்.

முதல் வருடம் ஒரு சாண் வளர்ந்தாலே சந்தோஷப்படலாம். வேலி ஓரத்துக்கு என்றால் ஒரு வருடக் கன்றை நடலாம். ஒட்டுக் கட்ட வேண்டும் என்றால் தண்டு பென்சில் கனம் வரவேண்டும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். நர்சரிக்காரர்கள் பாலா ஒட்டுக்குக் கூடுதல் விலை சொல்வதற்கு இந்தக் காத்திருப்புதான் காரணம். அந்த விலை நியாயமானதே.

6. ஒட்டு: கட்டுவதா, வாங்குவதா

நீங்களே கட்ட விரும்பினால் நெருக்கு ஒட்டுதான் புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. பையில் உள்ள பாலாக் கன்றைத் தாய் சப்போட்டா மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் பரண் போட்டு உயர்த்தி வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே கனமுள்ள இடத்தில் ஐந்து ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையும் கொஞ்சம் கட்டையும் சேர்த்துச் சீவி, சீவிய பரப்புகளைப் பொருத்தி நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு மரத்திலும் பால் வடியும். அதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே பொருத்துங்கள். பால் நடுவில் உறைந்துபோனால் சேராது. கத்தி புதுப் பிளேடுபோல் கூராக இருக்கட்டும். மூன்று மாதம் போல ஆகும் சேர. தாய்க் கிளையை ஒரேயடியாக வெட்டாமல், ஒரு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துப் பிரிக்க வேண்டும். இந்த மூன்று மாதமும் பைக்குத் தினமும் தண்ணீர் போக வேண்டும். காற்றில் ஈரம் இருக்கும் மாதங்களில் செய்தால் நன்றாகப் பிடிக்கும்.

பாலா வேர் மேல் கட்டிய சப்போட்டா ஒட்டை வாங்குவது என்றால், தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணையை முதலில் விசாரியுங்கள். தனியார் நர்சரியில் 80 முதல் 150 ரூபாய் வரை எங்களிடம் கேட்டார்கள். ஊருக்கு ஊர் மாறும். ஏமாறுவதற்கு இங்கே இடம் அதிகம், ஆகவே இதையெல்லாம் பாருங்கள்:

வேர்ச்செடி பாலாதானா? இலுப்பை மேல் கட்டியதும், கிளையிலேயே வேர் விடவைத்துப் பிரித்த வெறும் பதியன் கன்றும் 'பாலா ஒட்டு' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஒட்டுக்குக் கீழே துளிர் எதுவும் இருந்தால் அதன் இலையைப் பாருங்கள். நுனியில் உள்வெட்டு இருந்தால் பாலா. இலை நீண்டு ஈட்டி மாதிரி கூராக இருந்தால் இலுப்பை. துளிரே இல்லையென்றால் அந்த நர்சரியில் ஒட்டுக் கட்டாத வேர்ச்செடிகள் எங்கே நிற்கின்றன என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள். பதியன் கன்றில் ஒட்டுத் தழும்பே இருக்காது.

ஒட்டு நன்றாகச் சேர்ந்திருக்கிறதா? கட்டிய நாடா அறுக்கப்படாமல் தண்டை நெரித்துக்கொண்டிருந்தால் அந்தக் கன்றை விடுங்கள். தழும்பில் வெடிப்பு இருக்கக் கூடாது. மேலே பூவும் பிஞ்சுமாகத் தொங்கும் கன்றைக் காட்டி மயக்குவார்கள். அது வேண்டாம். ஒட்டுக்கு மேல் இரண்டு மூன்று பக்கக் கிளையுடன், பச்சையாக, இலை நிறைந்த கன்றை எடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். அதில் ரகப் பெயரும் 'பாலா வேர்ச்செடி' என்பதும் எழுதியிருக்கட்டும்.

7. காகிதங்கள்

சொந்தக் காசில் கன்று வாங்கிச் சொந்த நிலத்தில் நடுவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். அரசுத் திட்டத்தில் கன்று வாங்கும்போதுதான் காகிதம் கேட்பார்கள்.

இரண்டு வழி இருக்கிறது. வனத்துறையின் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 முதல் நடக்கிறது. மாவட்ட நாற்றங்கால்களில் என்ன கன்று இருக்கிறது என்று கேட்டு அங்கே பதியலாம். இன்னொன்று வேளாண் துறை வழியாக விவசாயிகளுக்கு வரப்பிலும் நிலத்திலும் நட மரக்கன்று தரும் திட்டம். இதற்கு உழவன் செயலியில் பதிய வேண்டும், அல்லது உதவி வேளாண் அலுவலரைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தேக்கு, மகாகனி, வேங்கை மாதிரி மரங்கள்தான் அதிகம் இருக்கும். பாலா வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பருவத்துக்குப் பல மாதம் முன்னாலேயே கேட்டால்தான் நாற்றங்காலில் விதை போட வாய்ப்பு உண்டு. ஐப்பசியில் போய்க் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தக முதல் பக்க நகல், இரண்டு புகைப்படம், ஆதாரோடு இணைத்த செல்போன். சிட்டாவை அரசின் இ-சேவைகள் தளத்தில் நீங்களே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பட்டா எண் தெரியாவிட்டால் சர்வே எண் போட்டாலும் வரும். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டியிருக்கும். அறுவடை, நிவாரணக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் அவர் அலுவலகத்தில் கிடைப்பது கடினம். எங்களுக்கு ஒரு கையெழுத்துக்காகவே ஒரு பருவம் நழுவியது. ஆகவே ஆடி மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் கவனம். பெயர் உள்ள மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் மரம் வைத்தால் இன்று யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மரம் பெரிதான பிறகு பேச்சு வரும். பாலா பல தலைமுறை நிற்கும் மரம். முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டு நடுவதுதான் சரி. முடியாவிட்டால் யார் பக்கம் எந்த வேலி என்று எழுதிக் கையெழுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலத்தில் ஏற்கெனவே பாலா நின்று அதை வெட்ட நினைத்தால், வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். வெட்டிய கட்டையை வண்டியில் ஏற்றிய பிறகு சாலையில் நின்று விளக்கம் சொல்வது பெரிய தொல்லை. முடிந்தால் வெட்டவே வேண்டாம். உலக்கைக்கும் செக்குக்கும் பேர்போன கட்டைதான், ஆணிகூட எளிதில் இறங்காது. ஆனால் அந்தக் கனம் வர எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

8. குழியும் நடவும்

சப்போட்டா ஒட்டுக்கு இடைவெளி 8 மீட்டருக்கு 8 மீட்டர். ஏக்கருக்கு 60 கன்றுக்கு மேல் வரும். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே எடுத்து ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய எரு கலந்து மூடுங்கள். வேலி ஓரப் பாலாவுக்கு இரண்டடிக் குழி போதும். ஆனால் மரத்துக்கு மரம் எட்டு மீட்டராவது விடுங்கள். கன்று சின்னதாக இருப்பதைப் பார்த்து நெருக்கி வைக்கத் தோன்றும். பெரிதான பின் தலைகள் மோதிக்கொள்ளும்.

ஒட்டுப் பகுதி தரைக்கு மேல் அரை அடியாவது இருக்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் சப்போட்டாவே வேர் விட்டுவிடும், அப்புறம் பாலா வேருக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தமில்லை. நட்டவுடன் குச்சி நட்டு எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

காலம்: தென்மேற்குப் பருவத்தில் மழை வரும் மாவட்டங்களில் ஆனி, ஆடி. எங்களைப் போன்ற கடற்கரை மாவட்டங்களில் புரட்டாசியில் நட்டால் வடகிழக்கு மழை வேலையைப் பார்த்துக்கொள்ளும். பள்ளமான நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். அங்கே மழை ஓய்ந்து மார்கழியில் நடுங்கள். பாலா வறட்சியைத் தாங்கும் என்பதை நம்பித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். அது வேர் ஆழமாக இறங்கிய மரத்துக்குத்தான் பொருந்தும். முதல் இரண்டு கோடை வாரம் ஒரு முறையாவது தண்ணீர் வேண்டும்.

நட்ட பிறகு மறக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை மாதம் ஒருமுறை பார்த்துக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் பாலாத் துளிர் வலுத்து மேலே உள்ள சப்போட்டாவைக் கொன்றுவிடும். சில தோட்டங்களில் "சப்போட்டா வைத்தோம், ஏதோ காட்டு மரம் வந்திருக்கிறது" என்பார்கள். அது இதுதான்.

ஆடு, மாடு வந்தால் ஒரே வாய். கன்றுக்குச் செய்யும் செலவைவிட வேலிக்குத்தான் அதிகம் ஆகும். கணக்குப் போடும்போது கன்று விலையை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் கணக்கில் ஒரு ஒட்டுக் கன்று, குழி, எரு, குச்சி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 300 ரூபாயைத் தொட்டது. வேலி தனி. விதைக் கன்றை நீங்களே வளர்த்தால் பை, மண், எரு சேர்த்தும் 15, 20 ரூபாய்க்குள் முடியும்.

9. பழம் வந்த பிறகு

பாலாப்பழம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும். கம்பால் அடித்தால் காயும் விழும். கீழே பழைய வேட்டி அல்லது வலை விரித்து, கிளையைக் கையால் லேசாக உலுக்கினால் பழுத்தது மட்டும் உதிரும். விடியற்காலையில் செய்யுங்கள். வெயில் ஏறினால் குளவியும் தேனீயும் வந்துவிடும். பறித்த பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

பறித்தவுடன் சாப்பிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அலசி, அகலமான தட்டில் பரப்பி மறுநாள் சாப்பிடுங்கள். பால் வற்றிவிடும், இனிப்பும் ஏறும். ஒட்டிவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போகும், தண்ணீரால் போகாது. முழுதாகப் பழுக்காத காயைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், துவர்ப்பும் பிசினும் தாங்க முடியாது.

நிறைய வந்துவிட்டால் இரண்டு வழி. உலர்த்துவது எளிது. கழுவி, கீறி விதையை எடுத்துவிட்டு, துணியில் பரப்பி வலை மூடி நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் திராட்சை மாதிரி சுருங்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில மாதம் வரும். பாகு காய்ச்சுவது இன்னொன்று. பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, விதையும் தோலும் போகச் சல்லடையில் வடித்து, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை. பாத்திரத்தின் உள்பக்கம் முதலிலேயே நல்லெண்ணெய் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் பால் பிசின் விளிம்பில் வளையமாகப் பிடித்துக்கொண்டு தேய்த்தாலும் போகாது. கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் பதத்தில் இறக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

பட்டைக் கஷாயம் பற்றி ஊரில் பல கைவைத்தியம் சொல்வார்கள். அதற்காக மரத்தின் பட்டையை உரிக்க விடாதீர்கள். சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும்.

10. விற்க நினைத்தால்

சொந்த நிலத்துப் பழத்தை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. பாகாகவோ உலர்பழமாகவோ மாற்றிப் பாக்கெட் போட்டால் தேவை. சிறு தயாரிப்பாளர்களுக்கான பதிவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் நீங்களே செய்யலாம். புகைப்படம், அடையாள அட்டை, தயாரிக்கும் இடத்தின் முகவரிச் சான்று இருந்தால் போதும். நாங்கள் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். விதிகள் மாறுவதுண்டு, தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக் கட்டுங்கள். இதற்கே 2,000 ரூபாய் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்த பிறகு ஆதார் எண்ணைப் போடுங்கள்.

பாட்டில் லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், அதிகபட்ச விலை, உங்கள் முகவரி, தொடர்பு எண், பதிவு எண், சைவப் பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். லேபிளை மொத்தமாக அச்சடிப்பதற்கு முன் பதிவு எண் கைக்கு வரட்டும். பதிவுக்கு விண்ணப்பிப்பதைப் பங்குனியிலேயே தொடங்குங்கள், சித்திரை கடைசியில் பழம் வந்துவிடும்.